ஏட்டுச் சுரைக்காயும் எங்கள் கறிச்சட்டியும்

திறைசேரி வற்றும்போதெல்லாம் ஆளுவோருக்கு ஏழையின் கோடிப்புறம் நினைவுக்கு வருகின்றது. களஞ்சியம் நிறைந்திருக்கும் காலத்தில் அந்தக் கோடிப்புறத்தை எட்டிப் பார்க்க எவரும் வருவதில்லை. அங்கே கிணறு உவர்த்ததா, வேலி சரிந்ததா, அந்த நிலத்துக்கு உறுதி உண்டா என்று கேட்பாரும் இல்லை. ஆனால் கப்பலில் வரும் அரிசிக்குக் காசு போதாது என்ற நிலை வந்தவுடன் மேடைகளிலே மண்வெட்டி தோன்றுகின்றது. பிரமுகர் ஒருவர் படப்பிடிப்பாளர் சூழ நின்று கத்தரிக் கன்று நடுகின்றார். “வீடுதோறும் தோட்டம்” என்ற சுலோகம் சுவரெங்கும் ஏறுகின்றது. அரசு தீர்க்க வேண்டிய பசி, பயிர் செய்யத் தெரியாத சோம்பேறிகளின் குறையாக ஒரே நாளில் மாற்றப்பட்டுவிடுகின்றது. வீட்டுத் தோட்டத்தைப் பற்றி இங்கே எழுத நேர்வது இதனாலேதான்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுதல் நன்று. தோட்டத்தை நாம் எதிர்க்கவில்லை. தன் கையால் நட்ட பயிற்றங்கொடியிலே தானே பறித்த காயைக் கறியாக்கி உண்பதில் உள்ள நிறைவை இகழ்வதற்கு எவருக்கும் உரிமை இல்லை. நாம் எதிர்ப்பது, அந்த நிறைவைக் காட்டி உழைப்பவனின் கூலியையும் பங்கீட்டையும் நிலவுரிமையையும் பறிக்கும் தந்திரத்தை. தோட்டம் மக்களின் உரிமை; அது அரசின் சாட்டாகிவிடக் கூடாது. இந்த வேறுபாட்டை நாம் மறந்தோமாயின் இரு பக்கத்தாலும் ஏமாறுவோம்.

வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம். 1942 ஆம் ஆண்டு பர்மா யப்பானியர் கையில் வீழ்ந்தது. இலங்கை உண்ட அரிசியிலே பெரும்பங்கு அங்கிருந்தே வந்துகொண்டிருந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 9 ஆம் திகதி ‘ஹேர்மிஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அண்மைக் கடலிலே குண்டுவீச்சில் மூழ்கிற்று. போர் வாசலுக்கு வந்துவிட்டது. உணவைப் பெருக்குங்கள் என்று குடியேற்ற ஆட்சி முழங்கியது. ஆயினும் அந்த அந்நிய ஆட்சிகூட வெறும் முழக்கத்தோடு நின்றுவிட முடியவில்லை. பங்கீட்டு அட்டை வந்தது. ஊரூராய்க் கூட்டுறவுக் கடைகள் திறக்கப்பட்டன. உள்ளூர் நெல்லை அரசே விலை கொடுத்து வாங்கியது. கொல்லையிலே மரவள்ளி நட்டவனின் மடியிலே அரிசிக் கூப்பனும் இருந்தது.

அந்தக் கூப்பனை மக்கள் எத்துணை உயர்வாகக் கருதினர் என்பதை 1953 காட்டியது. ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு உயர்த்தப்பட்டபோது, ஆகஸ்ட் 12 ஆம் திகதி நாடு ஹர்த்தாலில் எழுந்தது. இரண்டு மாதங்களுள் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். 1973, 1974 ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் மரவள்ளிக் கிழங்கு சோற்றின் இடத்தைப் பிடித்தபோதும் பங்கீடு முற்றாக ஒழியவில்லை. பின்னர் திறந்த பொருளாதாரம் வந்தது. 1979 இல் பங்கீட்டின் இடத்தில் உணவு முத்திரை வந்தது. முத்திரையில் அச்சிட்ட ரூபா அப்படியே நிற்க, கடையில் விலை மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. முத்திரையும் காலப்போக்கில் உதிர்ந்தது. 1942 இல் ஒருங்கே வந்த இரண்டு பொருள்களிலே, அரசு தரவேண்டிய பங்கீடு போய்விட்டது. மக்கள் தரவேண்டிய உழைப்பு மட்டும் மிஞ்சி நிற்கின்றது. இன்றைய வீட்டுத் தோட்டப் பிரசாரத்தின் உட்பொருள் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்திலே அடங்கும்.

பிறகு வந்த இயக்கங்களை மட்டக்களப்பு வாவிக் கரையிலே நின்று பார்த்தால் அவற்றின் முகம் நன்கு தெரியும். 2007 இல் ‘அபி வவமு, ரட நகமு’, அதாவது நாம் பயிரிடுவோம், நாட்டைக் கட்டியெழுப்புவோம் என்ற இயக்கம் தொடங்கியது. அவ்வாண்டின் தொடக்க மாதங்களிலேதான் வாகரை மக்களும் படுவான்கரை மக்களும் பல்லாயிரக்கணக்கிலே பெயர்க்கப்பட்டுக் கூடாரங்களில் கிடந்தனர். அவர்கள் எந்த வளவிலே பயிரிடுவது? 2011 இல் ‘திவிநெகும’ வந்தது. பத்து இலட்சம் வீட்டுப் பொருளாதார அலகுகள் என்பது அதன் இலக்கு. அவ்வாண்டின் சனவரியிலே பெருவெள்ளம் மட்டக்களப்பை மூடியிருந்தது. கன்றுகளுக்கு முன்னரே மேடைகள் உலர்ந்தன. 2020 இல் பெருந்தொற்றுக் காலத்து ஊரடங்கினுள்ளே ‘சௌபாக்கியா’ என்ற பெயரில் அதே பாட்டு மீண்டும் கேட்டது. ஆட்சிகள் மாறின, பெயர்கள் மாறின; கன்று நடும் கையும் படம் பிடிக்கும் கருவியும் மாறவில்லை.

இவற்றுக்கெல்லாம் சிகரம் 2022 ஆம் ஆண்டு. ஏப்ரல் 12 ஆம் திகதி நாடு தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. அம்மாதமே பன்னிரண்டரைக் கிலோ எரிவாயுச் சிலிண்டர் ஒன்றின் விலை 4,860 ரூபாவுக்கு ஏறிற்று. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9 ஆயிற்று; முந்திய ஆண்டில் நூறு ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ இருநூறு ரூபா கொடுக்க வேண்டியிருந்தது. இந்த இடைவேளையிலே, சூன் மாதத்தில், அரசு ஊழியருக்கு வெள்ளிக்கிழமைதோறும் மூன்று மாத காலம் விடுமுறை வழங்க அமைச்சரவை இசைந்தது. வீட்டிலிருந்து பயிர் செய்க என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று.

சூன் மாதம்! கொழும்பிலே அப்போது தென்மேற்குப் பருவமழை பெய்துகொண்டிருக்கும். மட்டக்களப்பிலோ கச்சான் காற்று அனலாய் வீசும் காலம் அது. இங்கே மழை பெரும்பாலும் ஐப்பசி தொடங்கித் தை வரையிலே பெய்வது. சூனிலே நிலம் வெடித்துக் கிடக்கும். தூர்ந்த துரவுகளிலே வாளி மோதி ஒலிக்கும் நாட்களிலே விதை தூவச் சொல்லும் ஓர் உத்தரவை எழுதியவர், இந்நாட்டிலே இரண்டு பருவமழைகள் உண்டு என்பதை ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் கேட்டிருக்கலாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றனர் நம் முன்னோர். அது ஏட்டிலே முளைத்ததற்கு ஒரு காரணம் உண்டு: அதை நட்டவனுக்கு மண்ணைத் தெரியாது.

அந்த விடுமுறை யாருக்கு என்பதையும் பார்ப்போம். வாவியிலே தோணி தள்ளுபவனுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை ஏது? எண்ணெய் இன்றி வள்ளம் கரையில் கிடந்த நாட்களெல்லாம் அவனுக்குக் கட்டாய விடுமுறைதான். ஆனால் அவற்றுக்குச் சம்பளம் இல்லை. பிறர் வயலிலே நாற்கூலிக்கு நிற்பவளுக்கும், வீதியோரத்திலே கச்சான் வறுத்து விற்பவளுக்கும், மேசன் கையாளுக்கும் அந்தச் சுற்றறிக்கை எழுதப்படவில்லை. பசித்தவனுக்கு உபதேசம், சம்பளக்காரனுக்கு விடுமுறை என்பதே அதன் சாரம்.

இனி, உபதேசம் செய்வோர் அறியாத அந்தத் தோட்டத்துக்குள்ளே நுழைவோம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவியின் இரு கரைகளும் இரு வேறு உலகங்கள். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரை மணற்பாங்கானது. அங்கே மழைநீர் மணலுக்கடியிலே உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கின்றது. அளவோடு அள்ளினால் நன்னீர். பேராசையோடு இயந்திரத்தால் இறைத்தால் கீழிருந்து உப்பு மேலேறும். 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலைக்குப் பின் கிணறுகளை வேகமாக இறைத்துத் துப்புரவாக்கப் புகுந்த இடங்களிலே இந்த உண்மை கசப்போடு உணரப்பட்டது. மழை பெய்து பெய்தே உப்பைக் கழுவிக் கீழிறக்க வேண்டியிருந்தது. படுவான்கரையிலே மண் வளமானது. உன்னிச்சை, நவகிரி முதலிய குளங்களின் நீர் உண்டு. ஆனால் இரவிலே யானை உண்டு. வாழையும் மரவள்ளியும் வளர்ந்த வளவு ஒரே இரவில் மிதிபடுவதோடு, வீட்டுச் சுவரும் சரிந்து உயிரும் போகின்றது.

இந்த மண்ணிலே தோட்டம் செய்வது ஒரு கல்வி. அதன் ஆசிரியர்கள் பெரும்பாலும் பெண்கள். மணலிலே குழி தோண்டித் தென்னந்தும்பும் சாணமும் குப்பையும் இட்டு மேலே மண் போர்த்தி, ஈரத்தைப் பிடித்து வைக்க அவர்கள் அறிவர். கிணற்றடியிலே பாத்திரம் கழுவிய நீர் வாழைக்கு, குளித்த நீர் பப்பாசிக்கு என்று பங்கிட்டு விடுவர். வேலியிலே முருங்கை, வேலிக் கொடியாய் முசுட்டையும் குறிஞ்சாவும், நிழலிலே வல்லாரை, ஈரத்திலே பொன்னாங்காணி, பந்தலிலே பாகலும் புடலும் என ஒரு சிறு வளவை அடுக்கடுக்காகப் பயன்படுத்துவர். அடுத்த மாரிக்குரிய விதையைச் சாம்பலிலே பிரட்டி அடுப்புக்கு மேலே புகை படத் தொங்கவிடுவர். எந்தத் திணைக்களமும் இதற்குச் சான்றிதழ் வழங்கியதில்லை. மாறாக, பிரசாரக் காலங்களில் கலப்பின விதைப் பொதிகளை வழங்கி, அடுத்த போகத்துக்கு மீண்டும் விதைக் கடையின் வாசலில் அவர்களை நிறுத்தியதே நடந்தது. கலப்பினத்தின் விதையை எடுத்து நட்டால் தாயின் இயல்பு பிள்ளைக்கு வாராது என்பதை விதைப் பொதியிலே யாரும் அச்சிடுவதில்லை.

அடுக்களைக்கும் அதே கல்வி நீள்கின்றது. முருங்கையிலையைத் தேங்காய்ப்பூ இட்டுச் சுண்டுவதும், பூசணியைப் பால்கறியாக்குவதும், வாவியிலே பிடித்த இறாலோடு முருங்கைக்காயைச் சேர்த்து ஆணம் காய்ச்சுவதும் நாக்கின் ஆசைக்காக மட்டும் எழுந்த முறைகளல்ல. இலைகளிலும் பூசணியிலும் உள்ள கரோட்டீன் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடலிலே நன்கு சேரும் என்று ஊட்டச்சத்து விஞ்ஞானம் கூறுகின்றது. நம் தாய்மார் தேங்காய்ப்பாலாலே அதைச் செய்துவந்தனர். மரவள்ளியை மூடாமல் அவித்து நீரை வடித்துவிடும் வழக்கத்திலே அதன் நஞ்சை அகற்றும் அறிவு உண்டு.

ஆனால் இதே அடுக்களைதான் அரசின் வாதத்தை உடைக்கின்ற சாட்சியுமாகும். கீரை முற்றத்திலே முளைக்கலாம். அதைச் சுண்டத் தேங்காய் வேண்டும்; 2025 இன் தொடக்கத்திலே ஒரு தேங்காய் இருநூறு ரூபாவையும் தாண்டி விற்றது. உப்பு வேண்டும், எண்ணெய் வேண்டும், வெங்காயம் வேண்டும், அடுப்பெரிக்க எரிவாயு அல்லது விறகு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகச் சோறு வேண்டும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஆசிரியர்கள் இதை வகுப்பிலும் போட்டுப் பார்க்கலாம். நம் நாட்டிலே ஒருவர் ஓராண்டிலே உண்ணும் அரிசி ஏறத்தாழ 100 கிலோ. ஐவர் உள்ள குடும்பத்துக்கு 500 கிலோ. அதற்கு 750 கிலோவுக்கு மேற்பட்ட நெல் வேண்டும். எக்டருக்கு நான்கு தொன் என்ற நல்ல விளைச்சலை எடுத்துக்கொண்டாலும், அதற்கு ஏறத்தாழ அரை ஏக்கர் வயல் தேவை. அரை ஏக்கர் என்பது 80 பேர்ச். பத்துப் பேர்ச் வளவிலே, வீட்டை இடித்து, கிணற்றை மூடி, மாமரத்தை வெட்டி, முழுவதிலும் நெல் விதைத்தாலும் ஒன்றரை மாதத்துச் சோறுதான் கிடைக்கும். மீதிப் பத்தரை மாதத்துக்குத் திறந்தவெளியிலே பசித்துக் கிடக்க வேண்டியதுதான். தோட்டம் தருவது கறி. அது சோற்றைத் தராது. கறியைக் காட்டிச் சோற்றைப் பறிப்பவனை நம்பலாகாது.

இன்னொரு கணக்கும் உண்டு. கோடையிலே மணல் நிலத்துப் பாத்திக்கு ஒரு நாளிலே சதுர மீற்றருக்கு ஐந்து லீற்றர் நீராவது ஊற்ற வேண்டும். இருபது சதுர மீற்றர் பாத்திக்கு நாளொன்றுக்கு நூறு லீற்றர், அதாவது பத்து வாளி. சூனிலிருந்து செப்டெம்பர் வரையிலே பன்னிரண்டாயிரம் லீற்றர். பன்னிரண்டு தொன் நீர். இதைத் துலாவாலும் கயிற்றாலும் இழுத்து, இடுப்பிலே சுமந்து ஊற்றுபவர் யார்? சுற்றறிக்கை எழுதியவர் அல்லர். விடியலிலே எழுந்து சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, கூலிக்கும் போய் வந்து, அந்திப்பொழுதிலே கயிற்றைப் பிடிக்கின்ற பெண்ணே அவள். அவளுடைய உழைப்பு நாட்டின் எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. “செலவில்லாமல் மரக்கறி” என்று பிரசுரங்கள் கூறுகின்றன. செலவில்லை என்பதன் பொருள், செலவாகும் உடல் ஒரு பெண்ணினுடையது என்பதே.

இந்தத் தந்திரம் இன்று நேற்றுப் பிறந்ததன்று. ஏங்கெல்ஸ் 1872 இல் குடியிருப்புப் பிரச்சினை பற்றி எழுதிய கட்டுரைகளின் இரண்டாம் பதிப்புக்கு 1887 இல் ஒரு முன்னுரை எழுதினார். ஜெர்மனியிலே வீட்டிலிருந்து கைத்தொழில் செய்த ஏழைகளுக்குச் சிறு வீடும் தோட்டமும் இருந்தன. அது அவர்களின் பாக்கியம் என்று பலரும் புகழ்ந்தனர். ஏங்கெல்ஸ் அதன் மறுபுறத்தைக் காட்டினார். தோட்டத்திலே குடும்பம் விளைவித்த உருளைக்கிழங்கின் மதிப்பை முதலாளி கூலியிலிருந்து கழித்துக்கொண்டான். பயிர் உழைப்பாளியின் தோட்டத்திலே விளைந்தது. இலாபமோ முதலாளியின் பெட்டியிலே விழுந்தது. வீட்டையும் தோட்டத்தையும் விட்டுப் போக இயலாமையால் அவனால் வேறிடத்திலே நல்ல கூலியைத் தேடவும் முடியவில்லை. ஒரு காலத்திலே அவனுக்குச் சுதந்திரம் தந்த துண்டு நிலமே அவன் காலிலே விலங்காயிற்று.

இந்த உண்மையை அறிய நாம் ஜெர்மனிக்குப் போக வேண்டியதில்லை. மலையகத்து லயன்களின் பக்கத்திலே உள்ள துண்டு நிலத்திலே தொழிலாளர் மரக்கறி பயிரிட்டு வருவதை அறிவோம். ஆயிரம் ரூபா நாட்சம்பளம் என்ற கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021 இலேதான் வர்த்தமானியில் ஏறிற்று. கொல்லையிலே கோவா விளைகின்றதே, பின் ஏன் கூலி உயர வேண்டும் என்ற எண்ணம் சொல்லப்படாவிட்டாலும் ஆட்சிபுரிகின்றது. வாவிக் கரையிலே அதே எண்ணம் “இங்கே மீன் உண்டு, கீரை உண்டு, செலவு குறைவு” என்ற வடிவிலே உலவுகின்றது. ஆடைத் தொழிற்சாலைக்குச் செல்லும் பெண்ணின் சம்பளம் பற்றிப் பேசும்போது அவளுடைய தாயின் முருங்கை மரமும் கணக்கிலே சேர்க்கப்பட்டுவிடுகின்றது.

தோட்டத்துக்கு அடியிலே நிலம் இருக்கின்றது. நிலத்தின் கேள்வியைத் தவிர்த்துத் தோட்டத்தைப் பேசுவது வேரின்றி மரத்தைப் பேசுவதாகும். மட்டக்களப்பின் மரபிலே வீடும் வளவும் மகளுக்கே சீதனமாகச் செல்வன. மணமகன் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வான். எனவே வளவு என்பது பெண்ணின் மண். ஆனால் ஒவ்வொரு தலைமுறையிலும் பெண்மக்களுக்குப் பிரித்துக் கொடுக்கக் கொடுக்க வளவு சுருங்கிக்கொண்டே வருகின்றது. காத்தான்குடியைப் போன்று மக்கள் மிக நெருங்கி வாழும் ஊர்களிலே சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றது. முற்றம் என்ற சொல்லே பொருளிழந்துவிட்டது. அங்குள்ள ஏழை முஸ்லிம் குடும்பத்துக்கு “தோட்டம் செய்” என்று கூறுவது கேலியன்றி வேறென்ன?

ஆழிப்பேரலைக்குப் பின் வடக்குக் கிழக்கிலே கடலிலிருந்து 200 மீற்றர் வரை தடைவலயம் என்று கூறப்பட்டது. மக்கள் திராய்மடு போன்ற குடியேற்றங்களிலே புதிய வீடுகளுக்குச் சென்றனர். வீடு கிடைத்தது, பழைய வளவு கிடைக்கவில்லை. பெண்ணின் மண்ணாக இருந்த இடத்திலே, பத்திரங்களிலே ‘குடும்பத் தலைவன்’ என்ற பெயரால் ஆண் நுழைந்தான். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், அரச காணியின் வழியுரிமையிலே ஆண்பிள்ளைக்கு முதன்மை தந்து நெடுங்காலம் நின்றது. அது திருத்தப்பட்டது 2022 இலேதான். கிழக்கிலங்கைப் பெண்களைப் பற்றி 2006 இல் நூல் எழுதிய காஞ்சனா ருவன்புர, தாய்வழிச் சமூகம் என்று புகழப்படும் இடத்திலும் ஆணாதிக்க யதார்த்தமே நிலவுவதை எடுத்துக் காட்டினார். உழைப்பு அவளுடையது, உறுதி அவனுடையது என்ற நிலையிலே அவளுக்கு மட்டும் விதைப் பொதி கொடுப்பதிலே என்ன தர்மம் இருக்கின்றது?

வளவு மட்டுமன்று, வளவுக்கு வெளியே உள்ள பொதுநிலமும் தோட்டத்தின் பகுதியே. சாணம் இல்லாமல் மணலிலே பயிர் இல்லை. மேய்ச்சற்றரை இல்லாமல் சாணம் இல்லை. மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்றரைகளுக்காகப் பாற்பண்ணையாளர் 2023 செப்டெம்பர் முதல் சித்தாண்டியிலே வீதியோரத்தில் அமர்ந்து நெடுநாள் போராடினர். அதைப் பசுக்களின் பிரச்சினை என்று ஒதுக்கியோர், அது கத்தரிச் செடியின் பிரச்சினையும் தான் என்பதை உணரவில்லை. 2021 மே மாதத்திலே செயற்கை உர இறக்குமதியை ஒரே கையெழுத்திலே தடை செய்து, முழு நாட்டையும் சேதன விவசாயத்துக்கு மாற்றப் புறப்பட்டவர்களுக்கும் இந்தச் சங்கிலி தெரியவில்லை. ஒரு வளவுக்குப் போதும் சாணம், இலட்சக்கணக்கான ஏக்கர் வயலுக்குப் போதாது. நவம்பரிலே தடை நீக்கப்பட்டது. அதற்குள் பெரும்போகம் வீழ்ந்துவிட்டது. இயற்கையின் பெயரால் செய்யப்பட்டாலும் மூடத்தனம் மூடத்தனமே. கடனடைக்க டொலர் இல்லாத அரசு, தன் வறுமைக்குப் பசுமைச் சாயம் பூசியதன் விலையை உழவன் செலுத்தினான்.

இனி நம் பக்கத்தாரிடமும் சில சொற்கள் சொல்ல வேண்டியிருக்கின்றது. வீட்டுத் தோட்டம் என்ற பேச்சை எடுத்தாலே, இது குட்டிமுதலாளித்துவப் பொழுதுபோக்கு என்று உதட்டைப் பிதுக்கும் முற்போக்காளர் உளர். அவர்களும் மக்களின் அடுக்களையை அறியாதவரே. சோவியத் நாட்டிலே கூட்டுப்பண்ணை உழவரின் சொந்தத் துண்டு நிலங்கள் மொத்த விளைநிலத்திலே ஏறத்தாழ 3 வீதமே. அவை நாட்டின் வேளாண் விளைவிலே ஏறத்தாழ கால்பங்கைத் தந்தன எனக் கணக்கிடப்பட்டது. அந்த உருளைக்கிழங்கையும் பாலையும் ஏளனம் செய்ய எந்தச் சித்தாந்தத்தாலும் முடியவில்லை. 1991 இல் சோவியத் ஒன்றியம் உடைந்து எண்ணெயும் உரமும் நின்றபோது, கியூபாவின் நகரங்களிலே வெற்று நிலங்கள் தோட்டங்களாயின. அங்கே அரசு வெறும் உபதேசம் செய்யவில்லை. பயன்படாத நிலத்தை விலையின்றி உழைப்போர் கையிலே கொடுத்தது. 1962 இல் தொடங்கிய பங்கீட்டுப் புத்தகத்தையும் அது கைவிடவில்லை. பங்கீடும் தோட்டமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஒன்று இருக்கும்போதுதான் மற்றது மானத்தோடு நிற்கும்.

முதலாளித்துவத் தாயகமான பிரித்தானியாவிலும் 1908 ஆம் ஆண்டின் சட்டம், மக்கள் கோரினால் தோட்டத் துண்டுகளை வழங்கும் கடமையை உள்ளூராட்சிச் சபைகள்மீது சுமத்தியது. போர்க்காலத்திலே மண்ணைக் கொத்துங்கள் என்று அங்கே முழங்கியபோது, கொத்துவதற்கு மண் என்ற சட்ட உரிமை முன்னரே இருந்தது. கேரளத்திலே 1998 இல் தொடங்கிய குடும்பஸ்ரீ இயக்கத்தின் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கூட்டாகப் பயிரிடுகின்றனர். தனித்தனி முற்றத்திலே தனித்தனியாகப் பசிக்குமாறு அவர்கள் விடப்படவில்லை. பிரேசிலிலே 2009 ஆம் ஆண்டின் சட்டம், பாடசாலை உணவுக்கான மத்திய நிதியிலே குறைந்தது 30 வீதத்தைச் சிறு குடும்ப உழவரின் விளைபொருளுக்குச் செலவிட வேண்டும் என்று விதித்தது. குழந்தைக்குச் சோறும் உழவனுக்குச் சந்தையும் ஒரே சட்டத்திலே கிடைத்தன.

ஆகவே நமது கோரிக்கை தெளிவானது. தோட்டம் செய்யச் சொல்பவன் முதலில் நிலத்தைத் தரட்டும். பெண்ணின் பெயரிலே உறுதியோடு தரட்டும். வளவில்லாத ஊர்களிலே பிரதேச சபைகள் பொதுத் தோட்ட நிலம் ஒதுக்கட்டும். எழுவான்கரையின் நன்னீர்ப் படையைப் பேராசைப் பம்புகளிலிருந்து காக்கட்டும். படுவான்கரைக்கு யானை வேலி கட்டுவதோடு நில்லாது அதைப் பராமரிக்கவும் செய்யட்டும். சுற்றறிக்கை கொழும்பு மழையைப் பார்க்காமல் மட்டக்களப்பின் மாரியைப் பார்த்து எழுதப்படட்டும். பாடசாலை உணவுக்கு வாங்கும் கீரையும் மரக்கறியும் அவ்வூர்ப் பெண்களின் கூட்டுறவிலிருந்து நியாய விலைக்கு வாங்கப்படட்டும். இவையனைத்துக்கும் மேலாக, அரிசிக்கும் பருப்புக்கும் பாலுக்கும் அரசு பொறுப்பேற்கட்டும். இவற்றைச் செய்த பின் கன்று நட மேடைக்கு வரட்டும். நாமும் ஒரு வாளி நீரோடு வருவோம்.

ஆசிரியர்களே, மாணவர்களே! பாடசாலைத் தோட்டத்தின் வேலை அழகுப் போட்டிக்குப் புள்ளி சேர்ப்பதன்று. அந்தப் பாத்தியிலே மண்ணியலையும் நீரியலையும் கூலிக் கணக்கையும் நிலச் சட்டத்தையும் சேர்த்துக் கற்பியுங்கள். வாவிக் கரைப் பெண்களிடம் சென்று விதையின் பெயர்களையும் கறியின் முறைகளையும் எழுதிக்கொண்டு வாருங்கள். அவர்களை உங்கள் பாடத்தின் ஆசிரியர்களாக மதியுங்கள். எழுதும்போதே, அவர்களுக்கு உறுதி இருக்கின்றதா, நீர் இருக்கின்றதா, நாளுக்கு எத்தனை வாளி இழுக்கின்றார்கள் என்பதையும் எழுதுங்கள். துலாவின் இரு பக்கத்தையும் தமிழ் மாணவனும் முஸ்லிம் மாணவனும் சேர்ந்து பிடித்துப் பார்க்கட்டும். கிணற்றிலே ஏறும் உப்பு எந்த இனத்தையும் கேட்டு ஏறுவதில்லை என்பதை அப்போது காண்பர்.

முருங்கை வெட்ட வெட்டத் துளிர்க்கும். மக்களும் அத்தகையோரே. ஆனால் துளிர்ப்பதைக் காட்டி மீண்டும் மீண்டும் வெட்டுவதற்கு எவருக்கும் உரிமம் இல்லை. தோட்டம் எங்களுடையது, அதன் பசுமையை எங்கள் பசியை மூடும் திரையாக்க இனி விடமாட்டோம்.